இந்தப் பிள்ளை ஆடி முடிக்கட்டும்

ஐஸைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று கோமதி நினைத்துக்கொண்டாள். நல்ல நினைப்புதான். கண்ணுக்கு முன்னால் நம்ம ஊர்ப் பாளையங்கோட்டை மைதானத்தில் பாதி அகலத்துக்கு அதைத்தானே வெள்ளை வெளேரென்று விரித்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தானே மூன்று பொம்பளைகள் ஒரு வருஷமாகத் திட்டம் போட்டு, ரெண்டு விமானம் மாறி, சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டும் தலையில் குரங்குக் குல்லாவுமாக இந்தப் பிராக் நகரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இடது பக்கம் வடிவு. வடிவுக்கு அந்தப் பக்கம் ரெஜினா. ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, முன்னே பின்னே ஓய்வு பெற்றவர்கள். ஐஸ் மேல் சறுக்கி ஆடுகிற இந்த ஸ்கேட்டிங் பைத்தியம் வடிவுக்குத்தான். டிவியில் பார்த்துப் பார்த்து மற்ற ரெண்டு பேருக்கும் அவள்தான் அதைத் தொற்ற வைத்தாள். பெரிய போட்டியில் கடைசி நாள் நடக்கிற பொம்பளைப் பிள்ளைகள் ஆட்டத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் செத்தாலும் பரவாயில்லை என்று ஸ்டாப் ரூமில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இன்றைக்குத்தான் அந்தக் கடைசி நாள். செத்தது அவள் இல்லை, அவள் புருஷன். ஆவுடையப்பன் அண்ணாச்சி காலையில் பல் விளக்கப் போனவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்தாராம், அப்படியே சாய்ந்துவிட்டாராம். அது வடிவுக்குத் தெரியாது. ரெஜினாவுக்கும் தெரியாது. கோமதிக்கு மட்டும் தெரியும். ஓட்டலில் இட்லி இல்லாத வருத்தத்தை ரெஜினா ரொட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும்படி கனெக்‌ஷன் எடுத்து வந்தது கோமதியின் போன் ஒன்றுதான், அதனால் எல்லாருக்கும் அதில்தான் வரும். வடிவின் மகன் மகராஜன். "சித்தி, பக்கத்துல அம்மா இருக்காளா? கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றான். தள்ளிப் போங்க என்ற அந்த நொடியிலேயே விஷயம் புரிந்துவிட்டது, நம்ம ஊர்க்காரிக்கு இது புரியாதா, ஆனாலும் லிப்ட் பக்கம் நடந்து போகிற வரைக்கும் வேறு ஏதாவது இருக்கும், டிக்கெட் விஷயமாக இருக்கும் என்று மனசு சாக்குத் தேடிக்கொண்டே வந்தது.

"அம்மாட்ட சொல்லிராதீய சித்தி. ஊர் பேர் தெரியாத இடத்துல அவள எதுக்குப் போட்டு அழவைக்கணும். எப்படியும் நாளைக் காலையிலதான பிளைட்டு. தோஹா வந்ததும் அப்பாக்கு கொஞ்சம் சீரியஸ்னு மட்டும் சொல்லுங்க. திருவனந்தபுரத்துக்கு நாங்க காரு கொண்டு வாறோம், மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றான். பிள்ளை தெளிவாகப் பேசினான், அழவில்லை, அழ நேரம் கிடைத்திருக்காது. அதற்குக் கோமதி என்ன சொன்னாள்? ஐயோ அண்ணாச்சி என்றாளா? இல்லை. ஐஸ் பெட்டி சொல்லியாச்சா என்று கேட்டாள். அதுதான் முதலில் வாயில் வந்தது. சொல்லியாச்சு சித்தி, வந்துக்கிட்டு இருக்கு, அம்மா வாரவரைக்கும் வச்சிருக்கணும்லா என்றான். அந்தக் கேள்வியை நினைக்க நினைக்க இப்போதும் அவளுக்குக் கூசியது. ஆறு வருஷம் முந்தி அவள் வீட்டு நடு ஹாலில் அந்தப் பெட்டி இருந்தது, உள்ளே அவள் புருஷன் ரத்தினம். பெட்டியின் கண்ணாடி மூடி நிமிஷத்துக்கு ஒரு தரம் வியர்த்துப் போகும், முகம் மங்கிவிடும், யாராவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிவுதான் துடைத்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டித் துடைத்தாள், யார் நீட்டியும் துண்டைக் கையில் வாங்கவில்லை. யாரோ ஒருத்தன் ஒயர் தடுக்கி பிளக்கைப் பிடுங்கிவிட்டபோது அந்தப் பெட்டியின் உறுமல் நின்றது, அந்த அமைதியில்தான் கோமதி முதல் முதலாக வாய்விட்டு அழுதாள். இந்த அரங்கத்துக்குள்ளும் எங்கேயோ அதே உறுமல், தரைக்கு அடியில் இருந்து வருகிறது, கை தட்டல் ஓய்கிறபோதெல்லாம் கேட்கிறது. இவர்களுக்குக் கேட்கிறதா? கேட்காது. இவர்கள் ஆட்டம் பார்க்கிறவர்கள். இப்போது ஒரு பெரிய வண்டி வந்து ஐஸைச் சுரண்டித் தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறது, போன தடத்தில் தரை பளபளவென்று ஈரமாகிறது, ஒரு நிமிஷம் மங்கி மறுபடி கெட்டியாகிறது. "பாத்தியாட்டி, அடுக்களை மெழுகுற மாதிரி எவ்வளவு சுத்தமா மெழுகுதான்" என்று வடிவு அவள் முழங்கையை இடித்தாள். ஆமா என்றாள் கோமதி. ஆமா என்று சொல்ல முடிகிறதே, குரல் கூட மாறவில்லையே என்று தன்மேலேயே அவளுக்குப் பயம் வந்தது.

இந்தப் பிள்ளை ஆடி முடிக்கட்டும், சொல்லிவிடலாம். முதல் பிள்ளை மஞ்சள் உடுப்பில் வந்தபோது அப்படித்தான் நினைத்தாள். அது ரெண்டு தடவை விழுந்து எழுந்து, அழுகையை முகத்துக்குள் அடக்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுப் போனது. அழுகிற பிள்ளையைப் பார்த்து வடிவே கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறாள், இப்போதா சொல்வது, அடுத்த பிள்ளை ஆடட்டும். அடுத்தது நன்றாக ஆடியது, வடிவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இந்தச் சந்தோஷத்திலா போய்க் கல்லைப் போடுவது. அடுத்தது. அதற்கடுத்தது. சொல்லாமலே இருந்துவிட்டால்தான் என்ன, மகன் சொன்னதைத்தானே செய்கிறோம், பெற்ற பிள்ளைக்கு இல்லாத அக்கறையா எனக்கு? சொன்னால் மட்டும் முன்னாலே போய்விட முடியுமா, மகராஜன் விசாரித்துவிட்டான், நாளைக்கு முன்னே விமானம் கிடையாது. போக முடியாத இடத்தில், நாலு சுவருக்குள், தெரியாத பாஷைக்காரர்கள் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டுகிற ஓட்டலில் விடிய விடிய அழவா? எல்லாம் சரிதான். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் கோமதிக்கு இந்தச் சீரியஸ் என்ற வார்த்தை என்ன செய்யும் என்று தெரியும். அவள் அப்பா இறந்தபோது சென்னையில் டிரெயினிங்கில் இருந்தாள். அப்பாவுக்குச் சீரியஸ், கிளம்பி வா என்றுதான் சொன்னார்கள். சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று உலகத்துக்கே தெரியும், அடுத்த வீட்டுக்காரிக்கு வந்தால் அவளுக்கே தெரியும், தனக்கு வந்தபோது மட்டும் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போனாள். மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, காய்ச்சல்காரருக்கு நல்லது என்று அழுத்திப் பார்த்து ஆப்பிள் வாங்கினாள், அடிபட்டதை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரனோடு சண்டை வேறு. ஆப்பிள் பையோடு தெருவுக்குள் திரும்பினால் வாசலில் சாமியானா. அப்பா போனதை விட அந்த ஆப்பிள்தான் அவளை வருஷக்கணக்காகக் கொன்றது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பஸ் ஏற்றிவிட்ட வார்டனுக்குத் தெரிந்திருக்கிறது, நான் ஒருத்தி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இனி யாருக்கும் இதைச் செய்ய மாட்டேன் என்று அம்மா காதுபடச் சத்தம் போட்டுச் சொன்னவள்தான் இவள். இப்போது வடிவு முறுக்கைக் கடிக்கிறாள், கடித்துக்கொண்டே ஒரு பிள்ளையின் சுற்றைக் கணக்குப் பார்க்கிறாள், "மூணு சுத்து முழுசா சுத்தல, கால் சுத்து குறையுது, நீதிபதி விடமாட்டான் பாரு" என்கிறாள். கடைவாயில் முறுக்குத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட வேண்டும் போலிருந்தது, கை எழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் காலையிலிருந்து சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள், தெருவில் கடிநாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகப் போவது மாதிரி. போனை வைத்துவிட்டு லிப்ட் பக்கத்திலிருந்து திரும்பி நடந்து வந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வடிவு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நெற்றியில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு, குளிருக்குக் குல்லா போட்டாலும் குல்லாவை மேலே தூக்கிவிட்டுப் பொட்டு தெரியும்படிதான் போடுவாள். அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒன்று சொன்னது: இனிமேல் இவளும் என்னை மாதிரித்தான். அவ்வளவுதான், ஒரு நொடி. அது துக்கமாக வரவில்லை. துக்கமாக வந்திருந்தால் அழுதிருப்பாள். அது ஒரு மாதிரி ஆறுதலாக வந்தது. சே என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள், ஆனால் வந்தது வந்ததுதானே, வரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆறு வருஷமாகக் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்கக் கூப்பிடும்போது வடிவும் ரெஜினாவும் எழுந்து மேடைக்குப் போவார்கள், போகிறபோது கைப்பைகளைக் கோமதி மடியில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வடிவு ஒரு நாளும் முகம் கோணியதில்லை, நீயும் வாட்டி, எவ என்ன சொல்லுதான்னு பாப்போம் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள், கோமதிதான் போகமாட்டாள். மடி நிறையப் பைகளை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பைகள் கனத்தது யாருக்குத் தெரியும். இனி ரெஜினாவின் பை ஒன்றுதான், ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றா நினைத்தேன்? அண்ணாச்சி பெட்டிக்குள் கிடக்கும்போதா? ரத்தினம் போனபோது பாடைக்கு மூங்கில் வெட்டிவரச் சொன்னதிலிருந்து சுடுகாட்டு ரசீது வரைக்கும் பார்த்த மனுஷன் அவர். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தினம் சாயங்காலம் வந்து ஒன்றும் பேசாமல் பேப்பர் படித்துவிட்டுப் போனவர். அவர் செத்ததில் எனக்கு ஒரு நொடி ஆறுதல். அப்படியென்றால் இப்போது சொல்லாமல் இருப்பது இரக்கமா, இல்லை நான் மட்டும் தெரிந்து வைத்திருப்பதில் ஒரு ருசியா? சொன்னாலும்தான் என்ன, அதிலும் ஒரு ருசி இருக்காதா? எந்தப் பக்கம் போனாலும் அந்த நாய் எழுந்து வந்து நின்றது.

"ஏட்டி கோமதி, உன் போன எடு. ஐஸ் பின்னால தெரியுத மாதிரி ஒரு போட்டோ புடி, அவுகளுக்கு அனுப்புவோம்" என்றாள் வடிவு. அனுப்பு, அனுப்பு என்றாள் ரெஜினா, "அண்ணாச்சி ஒத்தையில பழைய சோறு தின்னுட்டு கடுப்புல இருப்பாவ, நீ ஜாலியா இருக்கதப் பாத்து இன்னும் கொஞ்சம் கடுப்பாகட்டும்." ரெண்டு பேரும் சிரித்தார்கள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே தூங்கும் நேரம் என்று சொல்ல முடியாது, அங்கே இப்போது விளக்கு வைத்த நேரம். சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம், அதற்குள் போன் கையில் இருந்தது, வடிவு குல்லாவைக் கழற்றி முடியைத் தடவி விட்டுக்கொண்டு, பொட்டைத் தொட்டுப் பார்த்து, கோட்டைத் திறந்து பட்டுச் சேலை தெரிகிறதா என்று சரி பார்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆட்டத்துக்கென்று துணிப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டு வந்த அரக்குப் பட்டு. சிரிட்டி என்று கோமதி சொல்லவில்லை, சொல்லாமலே அவள் சிரித்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் முகமும் பின்னால் அத்தனை வெள்ளையும். விரல் எப்படி அழுத்தியது என்று தெரியவில்லை. அண்ணாச்சியின் பெயரைத் தேடி, பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் படத்தில் அவர் வேட்டி சட்டையில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அனுப்பினாள். ஒரு டிக். கடவுளே, போன் அணைந்திருக்கட்டும். ரெண்டு டிக். கொஞ்ச நேரத்தில் ரெண்டும் நீலமாயின. "பாத்துட்டாவ" என்று வடிவு எட்டிப் பார்த்துச் சொன்னாள், குரலில் புதுப்பெண் மாதிரி ஒரு குழைவு. அதோடு நிம்மதியாக ஐஸ் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பிள்ளை ஆடி முடிக்கிற நேரத்துக்குள் கோமதியின் கைக்குள் போன் அதிர்ந்தது. மகராஜன். "சித்தி, அம்மா சிரிக்கத பாத்து இங்க எல்லாரும் அழுதுட்டாவ." கோமதி அதை அழித்தாள். அழித்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்த ஹால் தெரிந்தது அவளுக்கு, ஓரத்தில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒயர் யாருக்கும் தடுக்காமல் சுவரோரமாகக் கொண்டு போயிருப்பார்கள், கண்ணாடி வியர்த்திருக்கும், யார் துடைக்கிறார்களோ. துடைக்கிறவள் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறாள். இவள் கேட்கப் போகிறாள், என்றைக்காவது கேட்கப் போகிறாள், நான் பட்டுக் கட்டிச் சிரித்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று. அப்போது நான் மகன் சொன்னான் என்பேன். நல்லதுக்குத்தான் என்பேன். அன்றைக்கு எனக்குச் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். குளிரில் பாதம் மரத்துப் போயிருந்தது, கழற்றி எடுத்துப் பக்கத்தில் வைத்தாலும் தெரியாது போலிருந்தது.

கடைசிப் பிள்ளை வந்தது. ஜப்பான் பிள்ளை, வடிவு காத்திருந்தது இதற்குத்தான், ஊரிலேயே இதன் ஆட்டத்தைப் போனில் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். ஊதா உடுப்பில் ஒல்லியாக நடுவில் வந்து நின்றது. அரங்கமே வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில் வடிவு கோமதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அவள் கை கதகதவென்று இருந்தது. "உன்ட்ட ஒண்ணு சொல்லணும்ட்டி" என்றாள் மெல்ல, கண்ணை ஐஸிலிருந்து எடுக்காமல். "நான் தனியா வரப் பயந்துக்கிட்டு உன்னைத் தொணைக்குக் கூப்பிட்டேன்னு நெனச்சியா? அவுக யோசனை அது. கோமதி அந்த வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கா, சும்மா கூப்பிட்டா வரமாட்டா, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லு, உனக்காக வருவான்னு சொன்னாவ. உன்ட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற. எனக்குத்தான் வயித்துக்குள்ளயே நிக்கல. நமக்குள்ள எதுக்குட்டி ஒளிவு மறைவு." பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பிள்ளை நகர்ந்தது. கோமதிக்கு அது ஒரு ஊதாக் கறையாகத்தான் தெரிந்தது, போகிறது, வருகிறது, தாவுகிறது, ஒரு காலில் இறங்குகிறது. ஜனம் மூச்சு விடுகிற சத்தம் அலையாக எழுந்து அடங்கியது. நான் ஆறுதல் பட்டேனே என்று நினைத்தாள். அவர் எனக்காக யோசனை பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார், பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து, இவளை எப்படி வெளியே கொண்டு வருவது என்று, நான் அவர் போனதில் ஒரு நொடி… இந்தப் பிள்ளை ஆடி முடிக்கட்டும். இது கடைசிப் பிள்ளை, இதற்கு அப்புறம் ஆள் இல்லை, இதற்கு அப்புறம் தள்ளிப் போட முடியாது. வடிவின் விரல்கள் ஒவ்வொரு தாவலுக்கும் இறுகின, இறங்கியதும் தளர்ந்தன. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பாட்டு நின்றது, அந்தப் பிள்ளை ஐஸில் முழங்காலிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டது, நாலா பக்கமும் பூக்களும் பொம்மைகளும் மழையாக வந்து விழுந்தன, வடிவு எழுந்து நின்று கை தட்டினாள், ரெஜினா எழுந்தாள், பின்னால் அத்தனை வரிசையும் எழுந்தது. கோமதியும் எழுந்தாள். வாயில் முதலில் வந்தது அந்த வார்த்தைதான். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் சீரியஸ். நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதை விழுங்கினாள். வடிவின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, காதோரம் வாயை வைத்தாள்.

"வடிவு, அண்ணாச்சி இறந்துட்டாவ."

தட்டிக்கொண்டிருந்த கைகள் தட்டின வாக்கிலேயே நின்றன. கேட்டதா கேட்கவில்லையா என்று கோமதிக்குத் தெரியவில்லை, இன்னொரு தடவை சொல்லவும் தெம்பில்லை. சுற்றிலும் சத்தம் ஓயவே இல்லை. வடிவு மெதுவாக உட்கார்ந்தாள். கோமதியும் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"காலையில. நம்ம சாப்பிட்டுக்கிட்டு இருக்கப்ப மகராஜன் போன் பண்ணினான். நாளைக்கு முன்னால பிளைட்டு இல்ல, அதான்…"

"காலையிலயா."

"ஆமா."

வடிவு ஐஸையே பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு வந்து பொம்மைகளைப் பொறுக்கிக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. முகத்தில் முன்னால் அழுத ஈரம் மட்டும் இருந்தது, அது சந்தோஷத்தில் அழுதது, அதைக் கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப அந்தப் போட்டோவ யாருக்குட்டி அனுப்புனே?" என்றாள்.

கோமதியிடம் பதில்கள் இருந்தன, காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டு வடிவின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். வடிவு தன் கையை உதறவெல்லாம் இல்லை, எடுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ரெஜினா, எந்திரி. நீ நடுவுல வந்து உக்காரு."

"ஏன்ட்டி, இங்க இருந்து மார்க் போர்டு நல்லாத் தெரியுதே" என்றாள் ரெஜினா.

"நீ நடுவுல உக்காரு."

வடிவு எழுந்து வழிவிட்டு அந்தப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தாள். ரெஜினா ஒன்றும் புரியாமல் பாப்கார்ன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவில் ஒருக்களித்து நுழைந்து, ரெண்டு பேருக்கும் மத்தியில் வந்து உட்கார்ந்தாள்.